மறைந்த கோடு

ஒரே செல்சாற்றைச் சம அளவில் இரண்டு தடங்களில் ஓட்டி, சவ்வில் பதித்து, நடுவே வெட்டி இரண்டு துண்டாக்கிக்கொள்கிறார்கள். ஒரு துண்டின்மேல் ஆன்டிபாடியை அப்படியே ஊற்றுகிறார்கள். மற்றதன்மேலும் அதே ஆன்டிபாடிதான். ஆனால் அது, தான் எந்தப் பெப்டைடைக் கொண்டு உருவாக்கப்பட்டதோ அதே பெப்டைடோடு இரவெல்லாம் குளிர் அறையில் சுழன்றுவிட்டு வந்தது. எடையில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூடுதலாகப் பெப்டைடு கிடைத்ததால் அதன் பற்றிடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. வேறொன்றைப் பற்ற இடமில்லை. இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்துப் படமெடுத்தால் முதல் துண்டில் கறுத்த கோடு ஒன்று தெரிகிறது. இரண்டாவதில், அதே உயரத்தில், வெறும் சாம்பல் பரப்பு. அந்த வெற்றிடத்தைப் பார்த்த பிறகுதான் ஆய்வாளரின் முகம் தெளிகிறது.

யோசித்தால் இது விந்தையான மனநிறைவு. தேடியது கிடைத்தால் மகிழ்வது நம் இயல்பு. இங்கோ தேடுகின்ற கருவியையே செயலிழக்கச் செய்து, அது வெறுங்கையோடு திரும்பியதைக் கண்டு மகிழ்கிறோம். காண்பவன் சொன்னதை நம்ப வேண்டுமானால், அவன் காண முடியாதபோது என்ன சொல்கிறான் என்பதையும் கேட்டாக வேண்டும். கண்ணைக் கட்டிய பிறகும் ஒருவன் தெரிகிறது, தெரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தால், கட்டுவதற்கு முன் அவன் சொன்னதற்கும் மதிப்பில்லை. பிளாக்கிங் பெப்டைடு என்ற பெயரில் சிறு குப்பிகளில் விற்கப்படும் பொருளின் வேலை இவ்வளவுதான். ஆயினும் ஒன்றை அறிந்தோம் என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது என்ற பழைய கேள்வி அந்தக் குப்பிக்குள் இருக்கிறது.

ஒரு தற்செயலை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வற்றாமல் சுரக்கும் செல்களை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே, 1963இல், நியூயார்க்கில் புரூஸ் மெரிஃபீல்டு, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக ஒரு திடப்பொருளின்மேல் கோத்து, வேண்டிய பெப்டைடை வேண்டியபடி செய்துகொள்ளும் வழியை வெளியிட்டிருந்தார். 1984இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு நீல்ஸ் யெர்னேவோடு சேர்த்து முதல் இருவருக்கும் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் பரிசு மெரிஃபீல்டுக்கு. காணும் கண்ணைச் செய்தவர்களும் அந்தக் கண்ணை வேண்டும்போது மூடிவைக்கும் திரையைச் செய்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அவர்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தக் கறுத்த கோடு சைக்ளின் பி1 என்னும் புரதத்தினுடையது என்று கொள்வோம். செல் இரண்டாகப் பிரியும் வேளை நெருங்க நெருங்க இது சேர்ந்துகொண்டே வருகிறது. சிடிகே1 என்னும் நொதியோடு கூடிப் பிரிவைத் தொடங்கிவைக்கிறது. குரோமோசோம்கள் இரு புறமும் விலகும் கட்டத்தில் அழிக்கப்படுகிறது. அழிவது அதற்கு நேரும் விபத்தன்று, அதன் கடமையில் பாதி. 1989இல் ஆண்ட்ரூ முர்ரேயும் மார்க் கிர்ஷ்னரும் உடனிருந்தோரும், அழிய முடியாதபடி ஒரு பகுதி வெட்டி நீக்கப்பட்ட சைக்ளினைத் தவளை முட்டைச் சாற்றில் சேர்த்துப் பார்த்தார்கள். சாறு பிரிவு நிலைக்குள் நுழைந்தது, வெளியே வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது. வந்தது போக மறுத்தால் அடுத்தது வர வழியில்லை என்பதை ஒரு சொட்டுச் சாறு அன்று காட்டியது.

இந்தப் புரதக் குடும்பம் மனிதர் கண்ணில் பட்டதே அது மறைந்துபோனதால்தான். 1982 கோடையில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, அவை புதிதாக உண்டாக்கும் புரதங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகப் போகக் கோடுகள் எல்லாம் அடர்ந்துகொண்டே வந்தன. ஒன்று மட்டும் அடர்ந்தது, முட்டை பிளவுபடும் தறுவாயில் மங்கியது, மறுபடி அடர்ந்தது. பெருகிக்கொண்டே போகும் பலவற்றுக்கு நடுவே ஒன்று இல்லாமற்போவதைக் கவனிக்கும் கண் எளிதில் வாய்ப்பதில்லை. நம்மில் பலர் அதைச் சோதனைப் பிழை என்று ஒதுக்கியிருப்போம். லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் 2001இல் ஹன்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது, அந்த இல்லாமையை அவர் ஒரு செய்தியாக வாசித்ததற்கு.

இல்லாமையை அறிவதும் அறிவே என்பது நம் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை உரைக்கும் காதையில் எண்ணப்படும் அளவைகளில் காட்சி, கருதல் முதலியவற்றோடு அபாவமும் ஓர் அளவையாக இடம்பெறுகிறது. தருக்கம் படித்தோர் ஒரு படி மேலே சென்று, உடன்பாட்டால் நிறுவுவதையும் எதிர்மறையால் நிறுவுவதையும் பிரித்துவைத்தார்கள். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு, அடுக்களையில்போல என்பது அன்வயம். நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை, நீர்நிலையில்போல என்பது வியதிரேகம். இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மலைமேல் நெருப்பைத் துணிபவனை அவர்கள் முழு அறிவாளியாக ஒப்புக்கொள்ளவில்லை. அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் உரைக்கும் இடத்தில் இன்னொரு நுட்பமும் வருகிறது. கண்ணில் படுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதிருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பை முடிவுசெய்வது குற்றமுள்ள ஏது என்கிறார் அவர். ஆன்டிபாடியோடு வேலை செய்யும் எவரும் அந்த இடத்தில் நின்று தலையசைப்பார். சவ்வில் தெரியும் கோடு புகை, சைக்ளின் நெருப்பு, பனியோ எங்கும் கவிந்திருக்கிறது.

அப்படியானால் பெப்டைடு கொண்டு செய்யும் சோதனை வியதிரேகமா? முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு துண்டில் கோடு உண்டு, மறு துண்டில் இல்லை. ஆனால் இரண்டாவது துண்டிலிருந்து நாம் எதை நீக்கினோம்? சைக்ளின் அங்கேயும் இருக்கிறது, முதல் துண்டில் இருந்த அதே அளவில், அதே இடத்தில். நெருப்பை அணைக்கவில்லை, புகையைப் பார்த்தவனின் கண்ணை மூடினோம். பொருள் இல்லாததால் காட்சி இல்லை என்பது ஒன்று, கண் இல்லாததால் காட்சி இல்லை என்பது வேறொன்று. இரண்டும் சவ்வில் ஒரே சாம்பல் பரப்பாகத்தான் தெரியும். நம் அறிவின் பெரும்பிழைகள் பல, இவ்விரு இல்லாமைகளும் ஒரே நிறத்தில் இருப்பதால் விளைகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் அந்தச் சோதனையைப் பயனற்றதென்று தள்ளுவது அநியாயம். பெப்டைடைச் செலுத்தி ஆன்டிபாடியை உண்டாக்கிக்கொள்ளும் முயலின் குருதியில் வேண்டிய ஆன்டிபாடியோடு வேண்டாத ஆயிரம் ஆன்டிபாடிகளும் கலந்திருக்கும். பெப்டைடைப் போதிய அளவு கொடுத்த பிறகும் ஒரு கோடு அசையாமல் நிற்குமானால், அது நாம் தேடியதன் அடையாளமல்ல என்று துணிந்து ஒதுக்கிவிடலாம். ஆனால் மறைந்த கோடு அத்தகைய உறுதியைத் தருவதில்லை. சைக்ளின் பி1இல் 433 அமினோ அமிலங்கள் உண்டு. பெப்டைடு வழியாக அதை அறிந்த ஆன்டிபாடிக்குத் தெரிந்தவை பதினைந்தோ இருபதோ. அந்தப் பதினைந்தை ஒத்த சாயல் வேறெந்தப் புரதத்தில் இருந்தாலும் அது அதையும் பற்றும். பெப்டைடு கொடுத்தால் அதையும் விட்டுவிடும். அப்போது மெய்யான கோடும் பொய்யான கோடும் சேர்ந்தே மறையும். நிலைத்து நிற்பதைப் பொய்யென்று சொல்ல முடிகிறது; மறைந்ததை மெய்யென்று சொல்ல முடிவதில்லை. வாழ்க்கையின் சோதனைகளும் பெரும்பாலும் இவ்வகைதான்: எதைக் கைவிட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் அவை, எதைக் கைக்கொள்ளலாம் என்று கேட்டால் பேசாதிருந்துவிடுகின்றன.

இந்தச் சாயல் மயக்கம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. எரித்ரோபொய்ட்டின் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன். புற்றுநோயாளிகளின் ரத்தசோகைக்கும் கொடுக்கப்படுவது. அந்த ஹார்மோனை ஏற்கும் புரதம் புற்றுக்கட்டிகளிலும் இருக்கிறது என்று ஆன்டிபாடிகளைக் கொண்டு பல ஆய்வுகள் அறிவித்தன. இருந்தால், மருந்து கட்டியையும் வளர்க்குமே என்ற அச்சம் எழுந்தது. 2006இல் ஸ்டீவ் எலியட்டும் உடன் பணிபுரிந்தோரும் அந்த ஆன்டிபாடிகளையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஏற்பியின் எடை 56, 57 கிலோடால்டன் இருக்க வேண்டும். பரவலாகப் பயன்பட்ட ஓர் ஆன்டிபாடி காட்டிய கோடோ 66இல் நின்றது. அதைப் பிரித்தெடுத்து வரிசையைப் படித்தால், அது வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்எஸ்பி70. ஏற்பியின் துண்டோடு ஒத்திருந்த எச்எஸ்பி70இன் துண்டுகளைக் கொடுத்தபோதும் அந்த ஆன்டிபாடி அடங்கிவிட்டது. திரை ஒன்றே, அதற்குப் பொருந்தும் முகங்கள் இரண்டு. அந்த ஆய்வைச் செய்தவர்கள் அந்த மருந்தைத் தயாரிக்கும் ஆம்ஜென் நிறுவனத்தினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அவர்களுக்கு இதில் நலன் உண்டு. மருந்து கட்டிக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்வியை இந்த ஒரு முடிவு தீர்த்துவிடவுமில்லை. ஆனால் 66இல் நின்ற கோடு யாருடையது என்பதில் நலனுக்கு இடமில்லை.

நரம்பியல் துறையில் இதே கணக்கு வேறு வழியில் முன்வைக்கப்பட்டது. ஜர்னல் ஆஃப் கம்பேரடிவ் நியூராலஜி என்ற இதழின் ஆசிரியர் கிளிஃபோர்ட் சேப்பர் 2005இல் வாசகர்களுக்கு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட புரதமே இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட விலங்கின் திசுவிலும் தங்கள் ஆன்டிபாடி அதே நிறத்தைக் காட்டுவதாகப் பின்னர் கண்டறிந்த ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வது கவலை தரும் அளவுக்கு நேர்கிறது என்றார். நெருப்பே இல்லாத நீர்நிலையில் புகை தெரிந்த கதை இதுதான். தம் கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்ற அந்த ஆய்வாளர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. நீர்நிலைவரை நடந்துபோய்ப் பார்த்தவர்கள் அவர்கள்தானே.

எனவே உண்மையான வியதிரேகத்துக்குப் பொருளையே நீக்கிப் பார்க்க வேண்டும். மரபணுவை வெட்டி நீக்கிய செல்லில் கோடு மறைந்தால்தான் அது அந்தப் புரதத்தின் கோடு. ஆனால் செல் சுழற்சியின் புரதங்கள் நம்மை இன்னொரு வாசலில் கொண்டு நிறுத்துகின்றன. 1998இல் வெளியான ஆய்வொன்றில் சைக்ளின் பி2 இல்லாத எலிகள் பிழைத்திருந்தன. சைக்ளின் பி1 இல்லாதவை கருவிலேயே மாண்டன. நீக்கினால் உயிரே நில்லாத ஒன்றை நீக்கிப் பார்ப்பது எப்படி? சிறு ஆர்என்ஏக்களால் அதன் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். கோடு அதற்கேற்ப மெலிகிறதா என்று கவனிக்கலாம். அதைவிட அழகான வழியைச் செல்லே தருகிறது. செல்களையெல்லாம் சுழற்சியின் ஒரே கட்டத்தில் நிறுத்தி, பின் ஒரேசமயத்தில் விடுவித்து, மணிக்கு மணி எடுத்துப் பார்த்தால், மெய்யான கோடு பிரிவுக்கு முன் அடர்ந்து, பிரிவு முடியும்போது மறைய வேண்டும். ஹன்ட் கண்ட அதே ஏற்றமும் இறக்கமும். எந்தப் பொழுதும் ஒரே அடர்த்தியில் நிற்கும் கோட்டின்மீது ஐயம் கொள்ளலாம். நாம் நீக்க முடியாததைக் காலம் நீக்கிக் காட்டுகிறது. காத்திருக்கும் பொறுமை மட்டுமே நம் பங்கு.

நம்முடைய நம்பிக்கைகளும் ஏறக்குறைய இப்படித்தான் உருவாகின்றன என்பதை மறுப்பது கடினம். ஒரு மனிதரை, ஓர் ஊரை, ஒரு சமூகத்தை நாம் அறிந்திருப்பதாகச் சொல்லும்போது, நமக்குக் காட்டப்பட்ட ஒரு சிறு துண்டையே அறிந்திருக்கிறோம். 433இல் பதினைந்து என்ற விகிதம்கூட அதில் இருப்பதில்லை. அந்தத் துண்டின் சாயல் எங்கே தெரிந்தாலும் நம் மனம் ஓடிப்போய்ப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு, சோதித்துப் பார்க்கவும் செய்கிறோம். நாம் சோம்பேறிகள் அல்லர். ஆனால் சோதிக்க நாம் நாடுவது, முதலில் அந்தத் துண்டை நமக்குக் காட்டிய அதே ஆசிரியரை, அதே நாளிதழை, அதே குடும்பத்தை. அவர்களிடம் கேட்டால் நம் கண் எதற்குப் பழக்கப்பட்டதோ அதற்கு இசைவாகவே பதில் வருகிறது, நாம் நிறைவடைகிறோம், நம் கருத்து தனக்குத் தானே முரண்படவில்லை என்பதை, நம் கருத்து உலகத்தோடு பொருந்துகிறது என்பதாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். ஆன்டிபாடியை விற்கும் அதே நிறுவனம் அதற்கான பெப்டைடையும் பக்கத்திலேயே விற்பது வணிகத்தில் குற்றமல்ல, வசதி. ஆனால் ஒரு கருத்தையும் அந்தக் கருத்துக்கான சோதனையையும் ஒரே கையிலிருந்து பெற்றுக்கொள்ளும் மனம், தன் கண் மூடப்படுவதை அனுமதிக்கும் அளவுக்கு அடக்கம் கொண்டிருந்தாலும், தான் காண்பதாகச் சொல்லும் பொருளே இல்லாத இடத்துக்குச் சென்று, அங்கும் தனக்கு அது தெரிகிறதா என்று பார்க்கும் துணிவை இன்னும் அடையவில்லை. அந்தத் துணிவு அரிதாக இருப்பதற்குக் காரணம், நம் நம்பிக்கைகளில் சில சைக்ளின் பி1ஐப் போன்றவை, நீக்கினால் நாம் நிற்க மாட்டோம் என்ற பயம் உள்ளவை. அந்தப் பயம் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லா நம்பிக்கைகளும் அப்படிப்பட்டவை என்று பாவித்துக்கொள்வதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. பி2 இல்லாமலும் எலிகள் வாழ்ந்தன.

அந்தத் துணிவு ஒரு துறையளவில் வந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மையில் ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்திருக்கிறது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை, மரபணு நீக்கிய செல்களை எதிர்வைத்துச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக 12 ஆய்வுக் கட்டுரைகள், அந்தப் புரதத்தை அடையாளம் காணாத ஆன்டிபாடி ஒன்றின் சான்றைத் தாங்கி நின்றன. விற்பனை நிறுவனங்கள் இதில் பங்கெடுத்திருந்தன என்பதுதான் எனக்கு வியப்பு. தோற்றவற்றில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாங்களே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு, எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையைத் திருத்தினார்கள். கட்டுரைகளைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று. அச்சான கோடு அச்சானதுதான். அதன்மேல் எழுந்த முனைவர் பட்டங்களும், நிதி விண்ணப்பங்களும், அடுத்த மாணவரின் மூன்றாண்டு உழைப்பும் நின்றுகொண்டிருக்கின்றன.

சைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டி1க்கான ஆன்டிபாடி இன்று மருத்துவமனைகளில் அன்றாடக் கருவி. மேன்டில் செல் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றில், 11ஆம் குரோமோசோமும் 14ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி லிம்போசைட்டுகள் சைக்ளின் டி1ஐ அளவின்றி உண்டாக்குகின்றன. இயல்பான பி லிம்போசைட்டுகள் டி1ஐ வைத்துக்கொள்வதில்லை. அவை நம்பியிருப்பது அதன் நெருங்கிய உறவுகளான டி2, டி3 ஆகியவற்றை. உறவுகளைப் பிரித்தறியாத ஆன்டிபாடி கைக்கு வந்தால் நோயில்லாதவரின் செல்லும் நோயாளியின் செல்லாக நிறமேறிவிடும். அதனால் தேர்ந்த நோய்க்கூறு மருத்துவர், நுண்ணோக்கியின் கீழ் அந்தக் கண்ணாடித் தகட்டை வைத்ததும் கட்டி இருக்கும் பகுதிக்கு உடனே போவதில்லை. ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் இருக்க வேண்டிய மெல்லிய நிறம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் இயல்பான லிம்போசைட்டுகளில் இருக்கக் கூடாத நிறம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். அவை இரண்டும் சரியாக இருந்தால்தான் தகட்டை நகர்த்துகிறார்.